கொழும்பிலிருந்து வந்த நைலான் பிரஷ்

மாப்ளே,

நேற்று மதுரையில் ஒரு கடையில் சவர பிரஷ் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “முடியா, நைலானா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போகிற போக்கில் கேட்ட அந்தக் கேள்விக்கு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க நீயும் நானும் உன் வாப்பாவும் உட்கார்ந்து விடை தேடியிருக்கிறோம். அன்றைக்கு விடை வேறு மாதிரி வந்திருந்தால் உன் கல்யாணமே நடந்திருக்குமோ என்னவோ. நைலான்தான் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். நீ எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருஷமாகிறது. பேசியது போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு பஸ் கம்பெனியில் நமக்கு வேலை. நீ டிக்கெட் ஜன்னலில், நான் பார்சல் பிரிவில். நீ கீழக்கரை, கடல் வியாபாரம் செய்த குடும்பம். நான் பரமக்குடித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அரண்மனைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறையை இருவரும் சேர்ந்து எடுத்திருந்தோம். ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு கண்ணாடி தொங்கும். காலையில் அதற்கு முன்னால் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும்.

நான் பிரஷ்ஷால் நுரை போட்டு நிதானமாகச் சவரம் செய்வேன். நீ வெறும் கையால் சோப்பைக் கன்னத்தில் தேய்த்து, அது காய்வதற்குள் அவசர அவசரமாக வழிப்பாய். உனக்கோ கம்பி மாதிரி முடி. தினமும் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கசியும். பேப்பரைக் கிழித்து ஒட்டிக்கொண்டு வேலைக்கு வருவாய். இன்றைக்கு எத்தனை ஸ்டாம்பு என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

முதல் வாரமே என் பிரஷ்ஷை உன்னிடம் நீட்டினேன். வேண்டாம் என்றாய். மறுபடி ஒருநாள் நீட்டினேன். மறுபடியும் வேண்டாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றிருந்தது. நான் தொட்ட பொருளை இவன் தொட மாட்டானோ என்று நினைத்தேன். ஒரே தட்டில் பரோட்டா தின்கிறோமே, பிரஷ்ஷில் என்ன வந்தது என்றும் நினைத்தேன். ஒரு மாதம் உன்னிடம் கொஞ்சம் முறைப்பாகவே இருந்தேன். நீயும் அதைக் கவனித்திருக்கிறாய். ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாய்.

“கோவிச்சுக்காத மாப்ளே. அது பன்னி முடி. எங்களுக்கு ஆகாது. சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல.”

எனக்கு அதுவரை தெரியாது. நம்பவும் முடியவில்லை. அன்று சாயந்தரமே கடைத்தெருவுக்குப் போய், பிரஷ் விற்றவரிடம் இது என்ன முடி என்று கேட்டேன். அசல் பன்றி முடி, பத்து வருஷமானாலும் உதிராது என்று அவர் பெருமையாகச் சொன்னார். வேறு முடி இருக்கிறதா என்றேன். சீமையில் வேறு ஏதோ மிருகத்து முடியில் செய்வார்களாம், இந்தப் பக்கம் வராது என்றார். அறைக்குத் திரும்பி என் பிரஷ்ஷை டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அதைப் பார்த்து நீதான் என்னைத் திட்டினாய். உன் முகத்துக்கு நீ போடு, அதற்கு நானா கணக்குச் சொல்லப்போகிறேன் என்றாய். நாம் மறுபடி ஒன்றானது அந்தத் திட்டில்தான்.

அந்த வருஷம்தான் உனக்குப் பெண் பார்த்தார்கள். ஏர்வாடிப் பக்கம், நல்ல குடும்பம். பேச்செல்லாம் முடிந்து நாள் குறிக்கிற நேரத்தில், பெண்ணின் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ராமநாதபுரம் வந்து, உன் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரம் உன் முகம் படுமோசம். கன்னமும் கழுத்தும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாய் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஏதோ தோல் வியாதி போலிருக்கிறது, ஒரு மாதம் போகட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்று தகவல் வந்தது. உன் உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாடி வைத்துக்கொள் என்றார்கள் எல்லோரும். வைத்துப் பார்த்தாய். பத்தாவது நாள் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அரிப்பு தாங்காமல் நீயே எடுத்தாய். முகம் முன்னைவிட மோசமாயிற்று.

டாக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனது நான்தான். அவர் கன்னத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, வியாதியும் இல்லை ஒன்றும் இல்லை, ஊறாத முடியை வறட்டு வறட்டென்று சுரண்டினால் வேறெப்படி இருக்கும் என்றார். நன்றாக நுரை போட்டு, முடியை ஊறவைத்து, பிறகு கத்தி வைக்கச் சொன்னார். சீட்டில் களிம்பின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ‘பிரஷ்’ என்றும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து அந்தச் சீட்டை நீ எனக்குக் காட்டிச் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

அந்த நேரத்தில்தான், நீ லாத்தா என்று கூப்பிடுகிற உன் அக்காவின் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி, ஊருக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டிலேயே உன்னைப் பார்த்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே நீலக் கைப்பிடி வைத்த பிரஷ். முடி வெள்ளைவெளேர் என்று, தொட்டால் வழுக்கிக்கொண்டு போனது. மிருகத்து முடியே கிடையாது, நைலான் என்று ஒன்றில் மிஷினில் செய்தது என்றார் அவர். பெட்டியின் மேலும் இங்கிலீஷில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பார்சல் பிரிவுக்கு ஓடிவந்து நீ அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். மூட்டைக்கு மேலே உட்கார்ந்து இருவரும் அந்தப் பெட்டியின் எழுத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்போம்.

அன்றே நுரை போட்டுப் பார்த்திருக்கலாம். நீ போடவில்லை. வாப்பாவிடம் காட்டாமல் முகத்தில் வைக்க மாட்டேன் என்றாய். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு இருவரும் கீழக்கரைக்குப் போனோம்.

ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பாடு முடிந்து, வாப்பா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடியை விரலால் நீவினார். கோபமோ பிடிவாதமோ இல்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“பெட்டியில எழுதிருக்கது பெட்டிக்காரன் பேச்சு. வெள்ளையா இருந்தா பன்னி முடி இல்லேன்னு ஆயிருமா? வெளுக்க வச்சிருந்தா? நான் எதை நம்பி ஆகும்னு சொல்லட்டும்?”

உன் முகம் விழுந்துவிட்டது. உன் லாத்தாவின் வீட்டுக்காரர், கொழும்பு மச்சான், கடையில் கேட்டதையே திருப்பிச் சொன்னார். கொழும்புக் கடைக்காரன் சொன்னதைத் தவிர அவருக்கும் வேறு ஆதாரம் இல்லை.

எனக்கு அப்போதுதான் எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. சேலை வாங்க வந்தவர்கள் இது அசல் பட்டா என்று சந்தேகப்பட்டால், எங்கள் அய்யா பேசவே மாட்டார். ஒரு இழையைப் பிய்த்துக் கொளுத்திக் காட்டுவார். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை. உயிருள்ள பிராணியிடமிருந்து வந்தது எதுவானாலும் நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும். இதை நான் வாப்பாவிடம் சொன்னேன். இதிலிருந்தும் ஒரு முடியைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கலாம் என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒத்துப் பாக்க இன்னொன்னு வேணுமே தம்பி. உன் பிரஷ்ஷக் கொண்டாந்தியா?”

“இல்ல வாப்பா. ராத்திரி இங்கதான் தங்குறோம், காலையில சவரத்துக்கு வேணும்னு தெரியும். இருந்தாலும் இந்த வீட்டுக்குள்ள அதைக் கொண்டாரக் கூடாதுன்னு ரூம்லயே வச்சிட்டேன். முடிக்கு என்ன, என் தலையில இல்லாததா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி விளக்குக் கேட்டார்.

உள்ளேயிருந்து சிமினி விளக்கும் ஒரு பீங்கான் தட்டும் வந்தன. கதவுக்குப் பின்னால் உம்மாவும் லாத்தாவும் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. முதலில் என் தலையிலிருந்து நாலைந்து முடியைப் பிடுங்கித் திரித்துச் சுடரில் காட்டினேன். பொசபொசவென்று பொங்கிக் கருகி, முற்றம் முழுக்க நாறியது. தட்டில் விழுந்த கரியை வாப்பா விரலால் நசுக்கினார். பொடிப்பொடியானது.

அடுத்தது பிரஷ். நீதான் ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தாய். சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அது சுருண்டு பின்வாங்கியது. பொங்கவில்லை, கருகவில்லை. மெழுகு மாதிரி உருகி, நுனியில் கடுகு போல ஒரு மணி கட்டியது. நான்கு தலைகளும் ஒன்றாகக் குனிந்து மோந்து பார்த்தோம். ஏதோ மருந்து வாடை. முடி நாற்றம் துளிகூட இல்லை. ஆறியதும் வாப்பா அந்த மணியை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். நசுங்கவில்லை. சந்தேகம் தீராமல், பிரஷ்ஷின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என்று அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரண்டும் அதேபோல உருகி மணி கட்டின.

“அல்ஹம்துலில்லாஹ். இது உசுர்ல இருந்து வந்த சாமான் இல்ல” என்று அவர் சொன்னபோது கதவுக்குப் பின்னால் உம்மா அழுதது எனக்குக் கேட்டது.

அடுத்த நிமிஷமே நீ கிணற்றடிக்கு ஓடினாய். சோப்பும் கண்ணாடியும் வந்தன. பிஸ்மி சொல்லி பிரஷ்ஷை வாளியில் முக்கி எடுத்தாய். அவ்வளவுதான், தண்ணீர் முழங்கை வரை வழிந்து சட்டையை நனைத்தது. சோப்பில் தேய்த்தாய். பால் மாதிரி நீர்த்து ஓடியது. முகத்தில் வைத்தால் மோவாயிலிருந்து சொட்டியது, நுரையைக் காணோம். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு இது இப்படியா என்கிற பார்வை.

நான் பிரஷ்ஷை வாங்கிப் பார்த்தேன். என்னுடையது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இது ஒரு சொட்டையும் குடிக்கவில்லை, இழைகளுக்கு நடுவில் நின்ற தண்ணீர்தான் கொட்டுகிறது என்று புரிந்தது. உதறு என்றேன். நன்றாக உதறிவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும்போது சோப்பில் சுற்றினாய். இருபது சுற்று. நுனியில் வெள்ளையாக ஏதோ திரண்டது. முகத்தில் வைத்து வட்டம் போட்டாய். நுரை கிளம்பியது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சுற்றினாய். கன்னம் மறைந்தது, மோவாய் மறைந்தது, காது வரைக்கும் ஏறியது. நீ நிறுத்தவே இல்லை. இருபத்தாறு வயசில் முதல்முதலாக முகத்தில் நுரையைப் பார்க்கிறாய். உள்ளே ஓடி உம்மாவிடம் காட்டிவிட்டு வந்தாய். வெளியே ஓடி எதிர்வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு வந்தாய். ஊறட்டும் ஊறட்டும் என்று சொல்லிக்கொண்டே முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றினாய். பிறகு கத்தி வைத்தாய். சத்தமே இல்லாமல் இறங்கியது. கழுவித் துடைத்துவிட்டுக் கன்னத்தை என்னிடம் காட்டினாய். ஒரு கீறல் இல்லை.

நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது வாப்பா எழுந்து வந்தார். மோவாயில் மட்டும் தாடி வைத்து, கன்னத்தை வெறும் தண்ணீரில் வழித்துக்கொள்கிறவர் அவர். நாற்பது வருஷமாக அப்படித்தான். வந்து உன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார்.

“எனக்கும் போட்டு விடுலே. எப்படி இருக்குன்னு பாப்பம்.”

நீ அவர் கன்னத்தில் வட்டம் வட்டமாக நுரை போட்டாய். மூடிய கண்களோடு அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கூசுகிறது என்றார். நிறுத்தட்டுமா என்றாய். வேண்டாம், நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு என்றார்.

மூன்றே வாரத்தில் உன் முகம் தெளிந்தது. பெண்ணின் அண்ணன் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். நேரே பார்க்க வெட்கப்பட்டு, கமுதிக்கு ஒரு டிக்கெட் கேட்டார். நீ அவரை அடையாளம் கண்டுகொண்டாய். ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, பஸ் எங்கே நிற்கிறது என்றும் வழி சொன்னாய். அந்த மனிதர் வேறு வழியில்லாமல் கமுதிக்குப் போய்விட்டு வந்தார். நாலாவது நாள் நிக்காஹ்வுக்குத் தேதி வந்தது. பின்னாளில் அவரே இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

கல்யாணத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் வாப்பா என்னைக் காட்டி, இவனும் நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்றார். காரணம் கேட்டவர்களுக்கு பிரஷ் கதையைச் சொல்லவில்லை. தன் சாமானை இந்த வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தவன் என்று மட்டும் சொன்னார். கேட்டவர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உனக்குக் கண் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாய் என்று உன் மகன் சொன்னான். உன்னைச் சோதிக்க நினைத்து நான் பேசாமல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாய். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மோவாய்க்குக் கீழே. பிறகு உன் மகனிடம் சொன்னாய்.

“பரமக்குடியான் வந்திருக்கான். காப்பி போடச் சொல்லு.”

அந்தக் கை என்னோடுதான் இருக்கிறது, மாப்ளே. காலையில் சவரம் முடித்து முகத்தைத் துடைத்த பிறகும் உடனே சட்டையை மாட்டுவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உன் கைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.