ரொட்டி உடையவில்லை, ரபாயேல்

என் அருமை மச்சான் ரபாயேலுக்கு,

ரொட்டி உடையவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சம் பிறகு.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ செத்த பிறகு உன் மகள் யாரா தன்னைத் தைனோ என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். கொலம்பஸ் வந்திறங்கியபோது கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்கள் அழிந்துபோனார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். "அப்ப பப்பா பொய்தானே சொன்னவர், மாமா?" என்று கேட்டாள். போர்ட்டோ ரிக்கோவில் உன் ஊரில் எத்தனை பேர் தைனோ என்று சொல்லிக்கொண்டு உயிரோடு திரிகிறார்கள் என்று விளக்கினேன். தோளைக் குலுக்கினாள். விளக்கம் எப்போதாவது வேலை செய்திருக்கிறதா?

அவளுடைய வகுப்புக்கு நீ செய்து தருவதாகச் சொன்ன கசாபேயை, உங்கள் ஆட்களின் மரவள்ளி ரொட்டியை, நானே செய்வது என்று முடிவெடுத்தேன். நாங்கள் குடியிருக்கும் இந்தக் குளிர்நாட்டுப் பியோர்ண்டாலில், எங்கள் தமிழ்க் கடையிலேயே மரவள்ளிக்கிழங்கு உறைந்துபோய்க் கிடக்கிறது. உங்கள் ஆட்களின் சாப்பாடு, எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. துருவினேன். பிறகு கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கல்லில் போட்டால் ஒரே களி. கோதுமை மாவைக் கொட்டினேன். யாரா ஒரு துண்டு கடித்தாள்.

"இது உங்கட ரொட்டி."

அவள் சொன்னது சரி. தண்ணீரை வெளியே எடுப்பதுதான் வேலை என்று நீ சொல்லியிருந்தாய், நினைவிருக்கிறதா? நீளமான பின்னல் குழலில் அடைத்து, தொங்கவிட்டு இழுப்பார்கள் என்றாய். என்னிடம் அப்பாவின் பழைய வேட்டியும் பலகை இறுக்கும் கிளாம்பும் இருந்தன. வெள்ளைச் சாறு வடியும்வரை இறுக்கினேன். உதிர்த்து, அம்மாவின் அரிதட்டில் அரித்து, வெறும் துகளைச் சூடான கல்லில் பரப்பி அமத்தினேன். மிச்சமிருந்த ஈரத்திலேயே மாப்பொருள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது, மச்சான். கண்ணால் பார்த்தேன். தூக்கினேன். முழு வட்டம்.

அந்த நேரம் பார்த்து அம்மா இஞ்சித் தேத்தண்ணியைத் தூர எடுத்து வைத்தா. "மரவள்ளியோட இஞ்சி கூடாது பிள்ளை. நஞ்சு."

யாரா நிமிர்ந்தாள். "பப்பாவும் நஞ்சு எண்டவர். பிழிஞ்ச தண்ணியைக் குடிக்கக்கூடாதாம்."

"பிறகென்ன? கொப்பர் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கிறார்."

பிழிந்த சாறு நஞ்சு என்று நீ சொன்னது உண்மை, ஆனால் இஞ்சிக்கும் மரவள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரசாயனம் படித்தவன் நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

நேற்று வகுப்பில் அவளே ரொட்டியை உடைத்துக் கொடுத்தாள். ஏன் இவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று ஒருவன் கேட்டானாம். அதற்கு அவள் சொன்னாளாம்: "எங்கட ஆக்கள் இதைக் கட்டிக்கொண்டுதான் கடலில போறவை. கெடாது. நாங்களும் கெட்டுப்போகேல்லை."

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளில் அவளோடு சேர்ந்து சுடுவேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் விடமாட்டேன்.

உன் மச்சான், யாராவின் மாமன்,
நிரோஷன்