மூன்றாம் தவணை

என் அன்பு அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச்சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. ஸ்காபரோவில் அதே பள்ளிக்கூட மண்டபம்தான். மேசையில் உங்கள் படம், அதற்கு மாலை. எல்லோரும் எழுந்து நின்று உங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம். உட்கார்ந்த கையோடு, நீங்கள் எழுதிய யாப்பை, சங்கத்தின் அந்த அடிப்படைச் சட்டத்தையே, மாற்றப் பிரேரணை வந்தது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா, கோபம் வருகிறதா?

அந்த யாப்பை எழுத நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கனடாவுக்குள் வர எல்லை நகரான பஃபலோவில் காத்துக் கிடந்த நாட்களில், அமெரிக்கக் குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கிற புத்தகம் ஒன்று உங்கள் கையில் அகப்பட்டது. அந்த நாட்டில் நீங்கள் தங்கவில்லை. அதன் அரசியல் யாப்பை மட்டும் மனதில் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்தீர்கள்.

பிறகு எங்களை விட்டீர்களா? சட்டம் ஆக்க ஒரு சபை, அதை நடத்த ஒரு தலைவர், பிணக்குத் தீர்க்க நீதிமன்றம், எல்லா அதிகாரமும் ஒரு கையில் சேராமல் ஒன்றை ஒன்று தடுக்கவும் வேண்டும் என்று ஓயாமல் வலுவேறாக்கம் பேசினீர்கள். எங்கள் சின்னச் சங்கத்தையும் பொதுச்சபை, செயற்குழு, நடுவர் குழு என்று பிரித்துப் போட்டீர்கள். பெரும்பான்மை நினைத்தாலும் பறிக்க முடியாத அங்கத்தவர் உரிமைகள் என்று ஒரு பகுதி வேறு. தலைவர் பதவியில் ஒருவர் இரண்டு தவணைதான் இருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

"கோடை ஒன்றுகூடலுக்குப் புரியாணியோ புட்டோ எண்டு தீர்க்க உச்ச நீதிமன்றமும் வேணுமோ அத்தான்?" என்று முதலில் பகிடி பண்ணியவள் நான்தான். நீங்கள் சிரிக்கவில்லை. "கனபேர் கை உயர்த்தினாச் சரியெண்டா, பிள்ளை, நாங்கள் ஏன் அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டீர்கள். எங்கள் நாட்டில் பெரும்பான்மை கை உயர்த்தித்தானே எங்கள் உரிமைகளைப் பறித்தது; அந்தப் பகிடியை அன்றோடு விட்டேன்.

அதே சங்கத்துக்கு நான் தலைவியாவேன் என்று யார் கண்டது? முதல் பெண் தலைவி. என் இரண்டாம் தவணை இந்தக் கூட்டத்தோடு முடிகிறது என்றதும் பொருளாளர் நடேசன் அண்ணை எழுந்தார்.

"பிள்ளை இல்லாட்டி உந்தச் சங்கம் படுத்திடும். புதுசா வாற சனத்துக்கு அப்பார்ட்மென்ட் பிடிச்சுக் குடுக்க, குளிர் உடுப்புச் சேர்க்க வேற ஆர் ஓடித் திரியிறது? உந்த ரெண்டு தவணை எண்ட வரியை எடுத்துவிடுவம் எண்டு முன்மொழியிறன்."

வழிமொழிய ஆட்கள் போட்டி போட்டார்கள். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மண்டபத்தைப் பார்த்தாலே அது இருப்பது தெரிந்தது.

எனக்கு ஆசையாக இருந்தது அத்தான். வேலையிடத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்த மண்டபத்துக்குள் வந்தால் இருக்கக் கதிரை இழுத்துப் போடுகிறார்கள். சபை கேட்கிறது, நான் என்ன செய்ய என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பிரேரணையை ஏற்றுக் குறித்துக்கொண்டேன்.

அப்போது கடைசி வரிசையில் அக்கா எழுந்தார். ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத, உங்கள் மனைவி.

"உவள் என்ர தங்கச்சி. உவளைப்போல ஒருத்தரும் ஓடித் திரியமாட்டினம், அது எனக்குத் தெரியும். ஆனா அவர் அந்த வரியை எழுதினது நல்ல ஆக்களுக்குத்தான். கூடாத ஆளை நாங்களே வாக்குப் போட்டுக் கலைச்சுப்போடுவம். நல்ல ஆளைப் போகச் சொல்ல ஆருக்கு மனம் வரும்? அதுக்குத்தான் சட்டம் வேணும்."

வாக்கெடுப்பை நடத்த வேண்டியவள் நான். "ஆதரிக்கிற ஆக்கள் கை உயர்த்துங்கோ" என்றேன். பாதிக் கைகூட எழவில்லை. நடேசன் அண்ணை உங்கள் படத்தைப் பார்த்தபடி தன் கையைக் கீழே விட்டார். பிரேரணை தோற்றது என்று நானே அறிவித்தேன்.

அக்காவை அஜக்ஸில் விடப் போகும்போது, 401 நெடுஞ்சாலை முழுக்கப் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினேன். அவர்தான் கேட்டார்.

"கோவமோ?"

"ஓம்."

"இருக்கட்டும். உன்னை முன்மொழிஞ்சது அவர். இருந்திருந்தா உன்னை இறக்கி வைக்கிறதும் அவர்தான். இப்ப அவர் இல்லை. நான்தானே செய்யவேணும்."

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இருவரும் அழுதோம். நீங்கள் போனதற்கு நான் சரியாக அழுதது அன்றுதான்.

நடேசன் அண்ணைதான் புதுத் தலைவர். நல்ல மனிதர், நன்றாகச் செய்வார். இனி நான் கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பேன். நடேசன் அண்ணையின் இரண்டாம் தவணை முடிகிற அன்று, சனம் முழுக்க அவரை இருக்கச் சொல்லிக் கேட்கும். அப்போது நான் எழுந்து நிற்பேன். தனியாகவென்றாலும் நிற்பேன் அத்தான், இது சத்தியம்.

உங்கள் சங்கத்தின் சாதாரண அங்கத்தவர்,
உங்கள் மச்சாள் வதனி
ரொறன்ரோ, 1997