கரண்டி வண்டியில் இருக்கிறது

ஏங்க,

சூப் அடுப்பின் மேல் சட்டியில் இருக்கிறது. கரண்டியைத் தேடி அலையாதீர்கள். கரண்டி கேரவனில் இருக்கிறது, கேரவன் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. டம்ளரால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். "டூர் கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டையே தூக்கி வண்டியில வைக்கணுமா?" என்று ராத்திரி கேட்டீர்கள். புது வண்டியின் கூரை முதல் மழைக்கே ஒழுகும் என்று நான் கனவா கண்டேன்?

ஒர்க்‌ஷாப்காரரிடம் நேற்றும் பேசினேன். "வாரண்டியிலயே மாத்திடலாம்மா, பார்ட்ஸ்தான் வரலை. அதுவரைக்கும் உள்ள யாரும் ஏறக் கூடாது" என்றார். போன மாதமும் இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மத்தியானம் அவர் கூப்பிட்டால் நீங்கள் எரிந்து விழாதீர்கள். அப்புறம் நம் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

வேலை முடிந்து வர எனக்கு நேரமாகும். வெளியே போனால் சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு: மற்ற தலையணையெல்லாம் வண்டிக்குள். வீட்டில் மிஞ்சியது ஒன்றுதான். ராத்திரி கோபத்தில் அதைத் தூக்கிக்கொண்டுதான் சோபாவுக்குப் போனீர்கள். காலையில் பார்த்தால் அது என் தலைக்கடியில் இருந்தது. இன்றைக்கு உள்ளேயே வந்து படுங்கள். கழுத்து வலித்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வலிக்கட்டும்.