வலது கையால் ஒரு கையெழுத்து

இத்ரிஸ்,

நான் நூலகத்துக்குப் போகிறேன். அடுப்பில் ஆட்டுக்கறி சூப் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

நேற்று, "நாப்பத்தாறு வயசுல உனக்கு நர்சிங்கா? வரலாறு படிச்சது போதாதா?" என்று கத்தினாய். நான் கதவை அறைந்தது தப்புதான். ஆனால் பட்டதாரிகளுக்கான அந்த இரண்டு வருட நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. யாரைப் பராமரித்தேன் என்ற இடத்தில், கணவர் என்று உன் பெயரை எழுதியிருக்கிறேன்: பக்கவாதம், பதினொரு மாதம். அதன் கீழே நீதான் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு எலெரி வந்து வாங்கி அனுப்பிவிடுவாள். அவளுக்கும் சூப் கொடு.

நெரிஸ்

பி.கு.: இடது கையால் போடப் பழகியிருக்கிறாயே, அது வேண்டாம். வலது கையால் போடு, கோணலாகவே இருக்கட்டும். போன வருடம் கரண்டிகூடப் பிடிக்க முடியாத கை அது.