ரெண்டு வருஷமா மறதி

அபிநயா அப்பாவுக்கு,

போன்ல பேசினா உளறுறேன்னு சொல்லுவீங்க, அதான் எழுதுறேன். காய்ச்சல் இறங்கிடுச்சு. மூத்திரத்துல கிருமியாம், அதுலதான் மூணு நாளா புத்தி தடுமாறிக் கிடந்திருக்கேன். ஊசி போட்டதும் தெளிஞ்சுட்டேன்.

இன்னிக்கு டாக்டரம்மா செம்பு, முந்திரி, சாவின்னு மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாங்க. மூணையும் சொன்னேன். "உங்களுக்கு மறதி நோயே இல்லைம்மா. எப்பலேர்ந்து இப்படின்னு கேட்டதுக்கு, ரெண்டு வருஷமாவே இருக்குன்னு உங்க வூட்டுக்காரர் ஏன் சொன்னாரு?"ன்னாங்க.

போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அறுபது பிள்ளைங்களுக்குச் சத்துணவு ஆக்கிப் போட்டவ நான். ஒரு நாள் உப்பு கூடினது உண்டா?

"இல்லாததையெல்லாம் பாத்தேன்னு சொல்லுவா, உங்கம்மா பேச்சை நம்பாதே"ன்னு அபிநயாகிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்க. ரெட்டிபாளையத்துல அந்தப் பொம்பளை வூட்டு வாசல்ல உங்க செருப்பை நான் பாத்தது வியாழக்கிழமை. எனக்குக் காய்ச்சல் வந்தது சனிக்கிழமை.

டாக்டரம்மா போனப்புறம், பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த அபிநயா கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தா. அப்புறம் கேட்டா: "காய்ச்சல்ல 'அந்த வூடு, அந்த வூடு'ன்னு பொலம்பினியே, எந்த வூடும்மா?"

இப்படிக்கு,
உங்க பொண்ணோட அம்மா