ஆன்டெனாவின் முன்பக்கம் எது

மயூர் விஹார், ஃபேஸ் ஒன்று,
டெல்லி.
மே 14, வியாழன்

அன்புள்ள ஷ்வேதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீ எப்படி இருக்கிறாய், ராத்திரியில் ரொட்டித் துண்டைக் கடித்துவிட்டுப் படுக்காமல் கொஞ்சம் சாதம் வடித்துச் சாப்பிடுகிறாயா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அப்பா பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவேன் என்றாய், சொன்னபடி இரண்டு தடவை வைத்தும் விட்டாய். கடிதத்தை நீ பாதியில் போட்டாலும் அது மேஜை மேலேயே கிடக்கும். தவிர நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகப் படிக்கிறவர்களுக்குக் கோபம் சட்டென்று வருவதில்லை. மூன்றாம் மாடி ரவிக்குமார் ஆபீஸ் வேலையாக உங்கள் ஊருக்கே வருகிறார், சனிக்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே பருப்புப் பொடியும் இருக்கிறது. அதை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அப்பா என்னோடு பேச விரும்பவில்லை, பதினோரு வாரமாக ரேடியோவில் கூப்பிடுகிறேன், ஒரு பதில் இல்லை, இந்த வாரக் கடைசியில் பால்கனியில் கட்டிய ஆன்டெனா வயரைக் கழற்றி எறிந்துவிட்டு ரேடியோவையும் யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்றாய். உனக்குப் பதினைந்து வயதில் ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு அவர்தான் உன்னைத் தயார் செய்தார், நீ ஜெர்மனிக்குப் போனதிலிருந்து ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் நீங்கள் இருவரும் ரேடியோவில் பேசுகிற நேரம், இந்த வீட்டில் காலிங் பெல் அடித்தால்கூடத் திறக்க ஆள் கிடையாது. அதெல்லாம் ஒரு போன் சண்டையோடு முடிந்தது என்று நீ நினைத்தால் தப்பில்லை. ஆனால் நடந்தது வேறு. கேள்.

பிப்ரவரியில் அந்தச் சண்டைக்குக் காரணம் குரங்கு என்பது உனக்குத் தெரியும். அது ஆன்டெனா மேல் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஜெர்மனிப் பக்கம் திருப்பினார், குரங்கு கம்பியோடு டவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டது, ஆன்டெனாவைத் திருப்புகிற ரொட்டேட்டர் மோட்டாருக்குள் பல்சக்கரம் உடைந்தது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மொட்டை மாடிக்கு மேல் முப்பதடி டவர், தானே ஏறி இறக்கிக்கொள்வதாக இவர் உன்னிடம் போனில் சொல்ல, அறுபத்தெட்டு வயதில் விழுந்து வைத்தால் நான் லீவு போட்டு ஓடி வர முடியாது என்று நீ சொல்ல, இவர் நீ வர வேண்டாம் என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போன் வந்தால் பாத்ரூமுக்குப் போய்விடுவார். அவளுக்குப் பேச வேண்டுமானால் ஃப்ரீக்வென்சி தெரியும் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். நீயும் அதையேதான் சொன்னாய். இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

மோட்டாரை இறக்கிப் பழுது பார்த்து மறுபடி ஏற்ற காத்தவராயனைக் கூப்பிட்டார். நீ பார்த்ததில்லை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், த்ரிலோக்புரியில் குடியிருந்துகொண்டு கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு பூசுகிறவர், ஐந்து மாடிக்கு மூங்கில் கட்டி நிற்கிற ஆள். பெல்ட் கட்டிக்கொண்டு மளமளவென்று ஏறி இரண்டே மணி நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். உச்சியிலிருந்து, சார் முன்பக்கம் எந்தப் பக்கம் பாக்கணும் என்று கேட்டார். அப்பா கீழே நின்றுகொண்டு அக்ஷர்தாம் பக்கம் என்றார். ஜெர்மனி அந்தத் திசைதானே. அச்சா சார் என்று அவர் முறுக்கிவிட்டு இறங்கிவிட்டார். அப்பா அறைக்குள் போய் ரொட்டேட்டர் டப்பாவில் திசை காட்டும் முள்ளைப் பார்த்தார், முள் ஜெர்மனியைக் காட்டியது. முட்டிவலியோடு மறுபடி மாடி ஏறிப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை, பார்த்திருந்தாலும் கண்ணில் புரை. அன்றிலிருந்து ரேடியோவில் ஆஸ்திரேலியாக்காரர்களாக வந்து கொட்டினார்கள். கிரீஸ் போட்டதில் மோட்டார் எப்படி வேலை செய்கிறது பார் என்று பெருமைப்பட்டார். ஐரோப்பா ஏன் கேட்கவே இல்லை என்றதற்குச் சூரியனில் ஏதோ கோளாறு என்றார். சூரியனோடு நான் என்ன வாதம் செய்ய முடியும்.

இந்தத் திங்கட்கிழமை வடாம் காயவைக்க மாடிக்குப் போனேன். எதற்கோ அண்ணாந்து பார்த்தால் ஆன்டெனாவின் நீளமான கம்பி அக்ஷர்தாம் பக்கம் இருக்கிறது, குட்டைக் கம்பிகள் நொய்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குட்டைக் கம்பிதான் முன்பக்கம், நீளக் கம்பி பின்பக்கம், இது தெரியாமல் இந்த மனிதரோடு முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்த முடியுமா. காத்தவராயனுக்குப் போன் போட்டேன். பெருசு முன்னாடி போவணும், சிறுசுங்க பின்னாடி வரணும், அதானம்மா முறை, சார் வேற ஒண்ணும் சொல்லலியே என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் கேட்டால் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்கிறார். கடையில் பத்துப் பேரை நிறுத்தி ஆன்டெனாவுக்கு முன்பக்கம் எது என்று கேட்டால் தெரியும், எல்லோருக்கும் தெரிந்த லட்சணம்.

ஆக பதினோரு வாரமாக அவர் கூப்பிட்டதெல்லாம் உனக்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது, நீ கூப்பிட்டது ஆன்டெனாவின் முதுகில் பட்டுப் போயிருக்கிறது. கூப்பிட்டாரா என்று சந்தேகப்படாதே. அவருடைய ரேடியோ நோட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்கு ரேடியோவில் உன்னைக் கூப்பிடுகிற கால் சைனை எழுதி, எதிரே பதில் இல்லை என்று எழுதியிருக்கிறார். பதினோரு தடவை. ஏப்ரல் ஐந்தாம் தேதி அவருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு நான் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கும் எழுதியிருக்கிறார், கையெழுத்துத்தான் கோணல்.

விஷயத்தைச் சொன்னதும் மாடிக்கு வந்து பைனாகுலரை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் டவரின் முதல் படியில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டு, காத்தவராயனை வரச் சொல்லு, அவதான் ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காளே என்றார். நேற்று அவர் வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போனார், அப்பா அவரை உட்காரவைத்து எந்தக் கம்பி எதற்கு என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார், அவரும் இரண்டு டம்ளர் டீ குடித்துக்கொண்டு கேட்டார்.

இருபத்தாறு வருஷமாக அந்த டவரில் இவரைத் தவிர யாரும் ஏறியதில்லை ஷ்வேதா. எத்தனை தடவை நான் அழுதிருக்கிறேன், நின்றாரா. நீ போனில் கத்திவிட்டு வைத்தாய், மறுநாளே பெல்ட்டை மடித்து லாஃப்டில் போட்டுவிட்டார். எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது. அவரே ஏறியிருந்தால் அது ஒரு நாளும் தப்புப் பக்கம் பார்த்திருக்காது.

வெயிலில் அலையாதே என்று எழுத வந்தேன், அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்கிறாய், அதனால் காதை மூடிக்கொண்டு போ. எல்லா நலனும் பெற்று நூறு வயது வாழ என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதில் சேர்ந்தது, அவரிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். வயரைக் கழற்றாதே. ஞாயிறு எங்களுக்கு ஐந்து மணி, உனக்கு மதியம் ஒன்றரை. அவர் நாலரைக்கே உட்கார்ந்துவிடுவார், நீ சீக்கிரம் வந்தாலும் இருப்பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா சாவித்திரி