நாவல்கரை முத்திரையில் விழுந்த வெட்டு

என்னை 'சி.ஐ.டி.' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே என் பெயரை மறந்துபோன அன்பு அத்தானுக்கு,

பீரோ சாவி என்னிடம்தான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அக்கா முகத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் பீரோவைப் பார்த்தார்கள். "அந்தப் பழைய கவரெல்லாம் பத்திரமா இருக்காம்மா?" என்று காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்னாலேயே கேட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கே சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என் புத்தி உங்களுக்குத் தெரியாதா? பாங்கில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே நோட்டு நீட்டுகிறவரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே காலம் தள்ளியவள். நீங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, கையில் கட்டியிருந்த கடிகாரம் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தவளும் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தீர்கள். ஆனால் கண் மங்க ஆரம்பித்ததும் லென்ஸை என் கையில்தானே கொடுத்தீர்கள்!

இங்கே செய்தி இதுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நன்னிலத்தில் உங்கள் உரக்கடையை அக்காவே திறக்கிறாள். "யூரியா வந்துருச்சாக்கா?" என்று சம்பா நடவுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். எடைபோட்டுக் கொடுக்கிறவள், பழக்கதோஷத்தில் உங்களைப் போலவே கேட்கிறாளாம்: "பரண்ல பழைய கடுதாசி ஏதும் கெடக்காங்க?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, கும்பகோணத்தில் பஸ் மாறி, நான் வந்து இறங்கும்போது மேஜையில் கவர்களைப் பரப்பி வைத்திருப்பீர்கள். மற்றவர்கள் கவரைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவார்கள். உங்களுக்கு ஸ்டாம்பைவிட அதன் மேல் குத்திய முத்திரைதான் முக்கியம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் காவிரிப் படுகையில் எந்த ஊரில் தபாலாபீஸ் இருந்தது, எப்போது வந்தது, எப்போது மூடியது என்பதெல்லாம் அந்தக் கறுப்பு மசியில் இருக்கிறது என்பீர்கள். ஊர் வாரியாகப் பிரி, வளையம் ஒற்றையா இரட்டையா பார், தேதியைப் படி, கவரைத் திருப்பி, போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையைப் பார். இந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

நாவல்கரை கவர் வந்த நாளும் மறக்கவில்லை. உங்கள் சொந்த ஊர். வரைபடத்தில்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஊர். அங்கிருந்து ஒருவர் பரண் சாமான்களோடு கொண்டுவந்து கொடுத்தார். ராணி தலை அச்சடித்த அரையணா கவர், கும்பகோணத்துக்கு யாரோ சம்பந்திக்கு எழுதியது. முன்பக்கம் பளிச்சென்று நாவல்கரை முத்திரை, ஜனவரி மாதம். பின்பக்கம் முழுக்கக் கரையான் மண். "காயட்டும், அப்பறம் பிரஷ் போட்டுக்கலாம்" என்றீர்கள். காயும்வரைகூடப் பொறுக்கவில்லை. சாயங்காலமே தஞ்சாவூர் ஸ்டாம்ப் சங்கத்துக்குப் போன் பண்ணி, நாவல்கரையின் முதல் முத்திரை என் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள்.

பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ச் சங்கத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். அவரிடம் இருந்த கவர் அதே வருஷம் ஜூலை மாதத்தது. நாவல்கரையில் ஆபீஸ் திறந்ததே ஜூலை வாக்கில்தான், ஜனவரியில் முத்திரை எங்கிருந்து வரும் என்று கேட்டார். கூட்டத்தில் இரண்டு பேரும் குரலை உயர்த்தினீர்கள். உங்கள் ஊரை அவர் ஆறு மாதம் சின்னதாக்கப் பார்க்கிறார் என்று பஸ் ஏறும்வரை பொருமினீர்கள். நானும் கூடச் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன்.

இப்போது சங்கத்தில் உங்கள் நினைவாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், வருகிற சனிக்கிழமை. உங்கள் கவர்களுக்கு நடு இடம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு அட்டை எழுதும் பொறுப்பு எனக்கு. பேராசிரியர் போன் செய்தார்.

"இந்தத் தடவை என் ஜூலை கவரை நான் வைக்கலைம்மா. அவர் நினைவா நடக்குறது. அவரோடதே முதல்னு இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன் சார்? உங்க கவர்ல ஏதும் கோளாறா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "போட்டோ அனுப்புறேன், சும்மா உங்க ஆல்பத்துக்கு வச்சுக்கங்க" என்றார். இவ்வளவு நல்லவராக இவர் எப்போது ஆனார்? எதற்கு இவ்வளவு பெருந்தன்மை? எனக்கு அன்றைக்கு மோர்கூட இறங்கவில்லை.

வாட்ஸப்பில் வந்த படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே நாவல்கரை, அதே எழுத்து, அதே வளையம். ஆனால் அவருடைய வளையம் முழுசாக இருந்தது.

நம்முடைய ஜனவரி கவரிலும், நம்மிடம் உள்ள பிந்தைய வருஷ நாவல்கரை கவர்களிலும் வளையத்தின் வலது கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு உண்டே, அத்தான். பிறக்கும்போதே அப்படிப் பிறந்த முத்திரை என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? பேராசிரியர் கம்ப்யூட்டரில் வளையத்தை ஒட்டவைத்து விளையாடுகிறார் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். பேத்தியிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். "பாட்டி, இது ஒரிஜினல் போட்டோதான்" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்படியென்றால்? ஜூலையில் முழுசாக இருந்த பித்தளை வளையம், அதே வருஷம் ஜனவரியில் எப்படி உடைந்திருக்கும்? குத்திக் குத்தி உடைந்த வளையம் மேலும் உடையுமே தவிர, தானாக ஒட்டாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். உடைசலைப் பார்த்தே எது முந்தி எது பிந்தி என்று தேதி அழிந்த கவர்களைக்கூட அடுக்கியிருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை நன்னிலம் வந்து பீரோவைத் திறந்தேன். நம் கவரை எடுத்துத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை. ஆல்பத்து அட்டையோடு அட்டையாக ஒட்டியிருந்தது.

பசை பட்ட கவர் செத்த கவர் என்று சொல்கிறவர் வீட்டிலா இது? நாலு மூலைக்கும் சின்ன பிளாஸ்டிக் முக்கோணம் வைத்துத்தானே எல்லாக் கவரையும் நிறுத்துவீர்கள்? உடனே என் புத்தி ஓட ஆரம்பித்தது. உங்களைப் பார்க்க வந்த சாக்கில் பேராசிரியர் அசலை எடுத்துக்கொண்டு ஒரு போலியை ஒட்டி வைத்துவிட்டாரா? கருமாதிக்கு வந்தவர்களில் யாராவதா? ஒருவர் விடாமல் நினைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரிசையில் நீங்கள் இல்லை.

அக்காவிடம் கேட்டேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கவரை யாருக்கா ஒட்டினது?"

"உங்க அத்தான்தான்."

"அத்தானா? பசை போட்டா?"

"பசை ஏது வீட்ல? ஒரு கை சோறு கேட்டாரு. பூனைக்குப் போடப் போறாருன்னு நெனச்சேன். பாத்தா, நசுக்கி நசுக்கித் தடவிக்கிட்டு இருக்காரு. அன்னைக்கு அவரு சாப்புடவும் இல்ல. பேராசிரியர் வந்து, கவரப் பின்பக்கம் பாக்கணும்னு கேட்டுட்டுப் போன மறுநாளு."

நான் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டேன். அக்கா இட்லிக் குண்டானில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். சோற்றுப் பசைதானே, ஆவி பட்டதும் மெல்ல விட்டுக்கொடுத்தது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன்.

பின்பக்கம் கரையான் மண் ஒரு துளி இல்லை. சுத்தமாக பிரஷ் போட்டிருந்தீர்கள். கும்பகோணம் முத்திரை தெளிவாக இருந்தது. ஜனவரிதான், ஆனால் அடுத்த வருஷ ஜனவரி.

நாவல்கரை போஸ்ட்மாஸ்டர் புது வருஷம் பிறந்ததும் முத்திரையில் வருஷம் பொறித்த கட்டையை மாற்ற மறந்திருக்கிறார், அவ்வளவுதான். ஜனவரி பூராவும் போன வருஷத் தேதி போட்ட செக்கை எத்தனை பேர் என் கவுண்டரில் நீட்டியிருப்பார்கள்! நீங்களே இந்த மாதிரி முத்திரைகளுக்குத் தனிப் பக்கம் வைத்து, "புது வருஷம் வந்தது தெரியாம உக்காந்திருக்கான் பாரு" என்று சிரிப்பீர்கள். இதையும் அந்தப் பக்கத்தில் வைத்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? அதுவும் தேடிக் கிடைக்காத கவர்தானே?

போன் பண்ணி ஊரைக் கூட்டிவிட்டீர்கள், அப்புறம்தான் மண்ணைத் தட்டினீர்கள். அதுவரைக்கும் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பேராசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கு உங்களால் முடியவில்லை. புரிகிறது. புரிகிறது என்பதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை.

எனக்குக் கோபம் அதற்குக்கூட இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வரவேண்டாம் என்றீர்களே, அதற்கு. "மழையா இருக்கு, பஸ் கெடைக்காது" என்றீர்கள். அடுத்த வாரம் விருந்தாளி வருகிறார்கள் என்றீர்கள். அதற்கடுத்த வாரம் உடம்பு அசதி என்றீர்கள். என் மேல் என்ன மனத்தாங்கலோ, நான் என்ன பேசித் தொலைத்தேனோ என்று தஞ்சாவூரில் உட்கார்ந்து புழுங்கினேன். அக்காதான் ஏதோ சொல்லியிருப்பாள் என்று அவளைக்கூடச் சந்தேகப்பட்டேன். அப்படியே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மேஜை முன்னால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கவே இல்லை.

என் கண்ணுக்குப் பயந்துதானே என்னைத் தள்ளி வைத்தீர்கள்? நான் கண்டுபிடித்திருப்பேன். நிச்சயமாகக் கண்டுபிடித்திருப்பேன். கத்தியிருப்பேன், காபி போட்டுக் கொடுத்திருப்பேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து பேராசிரியருக்குப் போன் செய்திருப்போம். அதற்கு ஒரு வழி விட்டீர்களா, அத்தான்? ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் உங்கள் ஒருவரை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவே இல்லை.

கவரைக் காயவைத்துவிட்டு அக்காவிடம் எல்லாம் சொன்னேன்.

"மறுபடி ஒட்டிரு" என்றாள்.

"அக்கா!"

"மனுசன் போயாச்சு. பேராசிரியரே விட்டுக்கொடுத்துட்டாருங்குற. யாருக்குத் தெரியப் போவுது? சனிக்கெழம மாலை போட்டு மேடையில படம் வைப்பாங்க. நான் முன்னால உக்காந்திருக்கணும். அவரு பொய் சொன்னாருன்னு நாலு பேர் பேசுறத என் காதால கேக்கணுமா?"

"நாளைக்கு ஒருத்தன் கண்டுபுடிச்சா? வளையம் காட்டிக் கொடுத்துருமேக்கா. அப்ப இந்த ஒரு கவருக்காக அவர் வச்ச அத்தனை கவரையும் பொய்யிம்பான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ உசுரோட இருக்குறவங்களத்தான் சந்தேகப்படுவேன்னு நெனச்சேன்" என்றாள். தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவினேன். ஊருக்குக் கிளம்பும்போது அவளே வாசல் வரை வந்து, "உனக்குச் சரின்னு பட்டதச் செய்யி. ஆனா அவர அசிங்கப்படுத்திராத" என்றாள்.

அட்டையை எழுதிவிட்டேன், அத்தான். கவர் பின்பக்கம் தெரிகிற மாதிரி நிற்கும், முன்பக்கத்துக்கு ஒரு படம் பக்கத்தில் இருக்கும். 'நாவல்கரை, வருஷம் மாற்ற மறந்த முத்திரை' என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியருக்குப் போன் செய்து, உங்கள் ஜூலை கவரை அவசியம் கொண்டுவாருங்கள், அதுதான் முதல், என் அத்தான் கவருக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அவர் என்கிட்ட சொல்லியிருந்தா நான் அன்னைக்கே சிரிச்சுட்டு விட்டிருப்பேனேம்மா" என்றார். அதை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பாதி நம்புகிறேன்.

அட்டையின் அடியில் 'சேகரித்தவர்' என்று உங்கள் பெயர் வழக்கம்போல இருக்கிறது. 'வகைப்படுத்தியவர்' என்ற இடத்திலும் இத்தனை நாளும் உங்கள் பெயர்தான் இருக்கும், நானும் கேட்டதில்லை, நீங்களும் என் பெயரைப் போடவில்லை. இந்த ஒரு அட்டையில் மட்டும் என் பெயரைப் போட்டிருக்கிறேன். உங்களைத் திருத்தி எழுதியதற்கு என் பெயர்தானே நிற்க வேண்டும்?

சனிக்கிழமை அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். எவனாவது அந்தக் கவரைக் காட்டி உங்களைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசினால், மேடை மாலை எதையும் பார்க்க மாட்டேன், அங்கேயே எழுந்து சண்டைக்கு நிற்பேன். இது சத்தியம். உங்களைத் தப்பு சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு.

கோபம் தீராமல்,
உங்கள் கூடப்பிறக்காத தங்கை, வாய்த்த மச்சினி,
வசந்தா
தஞ்சாவூர்